மழையில் அல்ல, வளைவில்

காரட் மூட்டைகள் ஏற்றிவந்த லாரி என் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இத்தலார்ப் பக்கம் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, காந்தலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏற்றமான ஒரு கொண்டை ஊசி வளைவு. நல்ல பனிமூட்டம். என் பைக்கின் எஞ்சின், முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போயின. ஹாரன்கூட அடிக்கவில்லை. லாரி டிரைவர் இறங்கிவந்து என்னைத் திட்டிய சொற்களில் ஒன்றும் இப்போது நினைவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை மேசைமேல் எறிந்து, "நாளைக்கே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றேன். எதிரில் அண்ணி நின்றிருந்தார். இரண்டு நாள் முன்பு அந்த வண்டியைச் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

அண்ணி கோயமுத்தூர்க்காரர். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். கல்யாணமாகி எங்கள் மலை ஊருக்கு வந்தபோது அந்த வேலை கீழேயே நின்றுவிட்டது. மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் கெட்ட மனிதரல்ல. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எப்போதும் யோசிப்பவர், அவ்வளவுதான். என் வண்டியோ நான் வாங்கும்போதே இரண்டு பேரிடம் ஓடிக் களைத்தது. மழையிலும் பனியிலும் திடீரென்று நிற்கும். தள்ளி ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் இக்னிஷன் காயிலை மாற்றினார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கட்டி, "தண்ணி இறங்குதுங்க" என்றார். கடைசியில் அண்ணி தானாகவே திறந்து பார்த்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "வண்டி தீப்பிடிச்சிருந்தா?" என்று அவர் கோபப்பட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சரியான ஃபியூஸ் போட்டு, துருவேறிக் கிடந்த எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம்செய்து, "இனி நிக்காதுங்க தம்பி" என்றார்.

நின்றுவிட்டது. லாரியும் வந்துவிட்டது.

நான் கத்தி முடிக்கும்வரை அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நான் தப்பாப் பாத்துட்டனுங்க" என்றார். இத்தனை மெக்கானிக்குகளில் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. நான் சற்று அடங்கினேன். அடுத்து அவர் கேட்டதும் ஒருவரும் கேட்காத கேள்விதான்.

"நின்னப்ப ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பி இருந்தீங்க?"

யோசித்தேன். வலது பக்கம். அதற்கு முந்தைய முறை? அதுவும் வலது பக்கம் திரும்பும் வளைவுதான். அதற்கும் முந்தைய முறையும் அப்படித்தான்.

"அப்ப மழையில நிக்கலீங்க தம்பி, வளைவுல நிக்குது. உங்க பாதையில பனி கட்டுற எடமும் வளைவும் ஒண்ணா இருக்குது. எல்லாரும் பனியவே பாத்துட்டு இருந்திருக்கோம்."

மறுநாள் காலை, பளிச்சென்ற வெயிலில், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டார். ஹேண்டிலை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். கடைசிவரை போனதும் எஞ்சின் அடங்கியது. துளி ஈரமில்லாத காற்றில் அது அடங்கியதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர்களை இணைத்து வைத்திருந்தார். அதைச் சாவித் துவாரத்துக்குப் பின்னால் தொடுத்துவிட்டு மறுபடி திருப்பினார். நேராக இருந்தால் பல்பு எரிந்தது, திருப்பினால் அணைந்தது; சாவிக்கு வரும் கரண்டே வழியில் அறுந்துகொண்டிருந்தது. பிறகு பெட்ரோல் டேங்கைக் கழற்றி, ஹேண்டில் கழுத்தருகே போகும் வயர்களை ஒவ்வொன்றாக, விரல் அகலம் விரல் அகலமாக வளைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்த இடம் மட்டும், உள்ளே எலும்பு ஒடிந்ததுபோல் தொய்ந்து மடிந்தது. வெட்டியபோது பச்சையாகப் பூத்த செம்புத் தூள் உதிர்ந்தது. புது வயரைப் பற்றவைத்து, இழுபடாதபடி கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினார். அதன்பிறகு வண்டி நிற்கவில்லை.

இங்கே நான் பெருமைப்பட முடியாத ஒன்றையும் எழுத வேண்டும். தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் டீ மேக்கர், யார் சரிசெய்தது என்று கேட்டபோது, "கோயமுத்தூர்ல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தருங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அண்ணனைப் போல நானும் நாலு பேரை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூறலில் நனைந்தபடி டீ மேக்கரே வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்தக் கோயமுத்தூர் மெக்கானிக் நம்பரைக் குடுங்க. ஹாரன் அடிச்சா என் வண்டி நின்னு போகுது." அண்ணி அப்போதுதான் டீ கொண்டுவந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். டம்ளர்களை வைத்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். 'இதுவும் தெரிந்ததுதானே' என்பதுபோல் அது இருந்தது.

"அப்படி ஒரு மெக்கானிக்கே இல்லைங்க" என்றேன். "எங்க அண்ணிதான் சரிபண்ணாங்க. நான்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

டீ மேக்கர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. "ஏனுங்க, ஹாரனுக்கு மட்டும் நிக்குதா, பிரேக் புடிச்சு பின்லைட் எரியறப்பவும் நிக்குதா?" என்றார். டீ மேக்கரின் சிரிப்பு நின்றது. கண்ணை மூடி யோசித்தார். "ஹாரனுக்கு மட்டுந்தானுங்க அம்மா."

"சாவியக் குடுங்க."

அதுவரை செய்தித்தாளுக்குள் தலையைக் கவிழ்த்திருந்த அண்ணன் எழுந்து வெளியே போனார். கோபம் என்றே நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், ஒரே ஒரு வண்டி நிற்கும் எங்கள் தகரக் கொட்டகையிலிருந்து தன் ஸ்கூட்டரைத் தூறலில் உருட்டிக்கொண்டிருந்தார். அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் அண்ணியிடம், "மழையில நின்னுட்டு எப்படிப் பாப்பே? உள்ள கொண்டாந்து வெச்சுப் பாரு" என்றார்.

இப்போது அந்தக் கொட்டகையில் மேசையும் இரண்டு பெரிய விளக்குகளும் இருக்கின்றன. மலைக்குக் கீழே இருக்கும் மசினகுடியிலிருந்துகூட ஜீப் வயரிங்குக்கு ஆள் வருகிறது. வருகிறவர்களுக்கு வழி சொல்வதும், அண்ணி கேட்கும் பொருளை எடுத்துக்கொடுப்பதும் தினமும் கடை மூடியபின் அண்ணனின் வேலை. அவருடைய ஸ்கூட்டர், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, இன்றுவரை வெளியில்தான் நிற்கிறது.