கிழக்குப் பக்கம் பள்ளம்

லூர்துமேரி அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் வெயிலில் இருந்துதான் தொடங்க வேண்டும். திண்டிவனத்தில் பி.ஏ. படித்தபோது கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் முதல் இரண்டு வருடமும் அக்கா அரையிறுதியில் தோற்றது. இரண்டு முறையும் விழுப்புரத்தில், இரண்டு முறையும் உச்சி வெயிலில்.

கடைசி நான்கு அணிகளுக்கான ஆட்டங்கள் எப்போதும் ஒரே நாளில் முடியும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மைதானம் தந்து, வருகிற எல்லோருக்கும் மதியச் சாப்பாடும் போடும். அதனால் யார் யாரோடு, எப்போது ஆடுவது என்று சொல்வதும் அவர்கள்தான். அவர்களுடைய ஆட்டம் காலையில், வந்ததிலேயே எளிய அணியோடு. பலமான இரண்டு அணிகள் பதினோரு மணிக்கு மேல் மோதிக்கொள்ளும். அதில் ஜெயித்தவர்கள் அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, மதியம் முழுக்க ஃபேனுக்குக் கீழே படுத்து எழுந்தவர்களோடு சாயங்காலம் இறுதிப் போட்டி ஆட வேண்டும். யாரும் ஏமாற்றவில்லை. நடுவர் விசிலும் ஒழுங்காகத்தான் ஊதினார். ஆனால் கோப்பை மட்டும் அந்த மைதானத்தை விட்டு வெளியே போனதே இல்லை.

அக்காவுக்குக் கோப்பைகூடப் பெரிதில்லை. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இறுதிப் போட்டிக்கு மட்டும்தான் வருவார்கள். அந்த அணியில் ஆடிவிட்டால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டுப் பார்க்கலாம் என்பது அக்காவின் திட்டம். இல்லாவிட்டால் தன் அம்மா, அதாவது என் பெரியம்மா சவுரியம்மாளோடு, வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போக வேண்டியதுதான். பெரியப்பாவுக்குப் புதுச்சேரியில் கொத்தனார் வேலை. வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். மாதா கோயில் மைதானத்தில் பையன்கள் ஆடும்போது அக்காவைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கோலில் நிற்க ஆளில்லாத நாட்களில் மட்டும் கூப்பிடுவார்கள். கோலில் நின்றபடியே யார் எந்தக் காலால் அடிக்கிறார்கள், எங்கே பார்த்துவிட்டு எங்கே அடிக்கிறார்கள் என்று அக்கா பார்த்து வைத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் கோலை விட்டு வெளியே வந்து பந்தைப் பிடுங்கியது. அதற்குப் பிறகு யாரும் அக்காவைக் கோலுக்கு அனுப்பவில்லை.

மூன்றாம் வருடம், கடைசி வாய்ப்பு. போட்டிக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான்கு கல்லூரியின் பி.டி. ஆசிரியர்களும் கேப்டன்களும் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் விழுப்புரம் அணியின் பி.டி. ஆசிரியர் அரங்கநாதன். திண்டிவனத்தின் கேப்டனாகப் போயிருந்த அக்கா எழுந்து, எப்போதும் ஒரே அணிக்குக் காலை ஆட்டம் கிடைப்பது எப்படி என்று கேட்டது. அவர் கோபப்படவில்லை. யாரும் முன்வராத காலத்தில் இருந்து இந்தப் போட்டியைச் சுமந்து வந்தவர் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சோறு போடறவங்க சொல்றதுதாம்மா டைம். நீ போடு, நீ சொல்லு."

"சரி சார். இந்த வருஷம் நான் போடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கே என்று அவர் கேட்டார். எங்கள் ஊரில் என்று அக்கா சொன்னது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவேயில் இருந்து பக்கம்தான், எந்தக் கல்லூரிக்கும் சொந்த மைதானமில்லை என்று விளக்கவும் செய்தது. மற்ற இரண்டு அணிகளும் உடனே சரி என்றன. அரங்கநாதன் சார் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே சம்மதித்தார்.

வீட்டில் சேதி சொன்னதும் சவுரியம்மாள் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார். "நாலு டீமுக்கும் சோறா? உனுக்கு இன்னாடி புத்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். விஷயம் அதோடு முடியவில்லை. வெயில் வேண்டாம் என்பதற்காக ஆட்டங்களை இரண்டு நாளாகப் பிரித்திருப்பதையும் அக்கா சொல்லிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஒரு அரையிறுதி, சாயங்காலம் இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுதி. ஒரு வேளைச் சோற்றோடு முடித்துக்கொள்ளத்தான் இத்தனை வருடமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பெரியம்மா இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், மாதா திருவிழாவுக்குச் சமைக்கிற பெண்களை அவரே போய்க் கூட்டி வந்தார். வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று பேசி முடித்தார்கள். பங்குச் சாமியார் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார், தங்குவதற்கு.

மைதானத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையை அள்ளினோம். சவுக்குக் கம்பத்தில் கோல் நட்டோம். வலைக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, அக்காவின் அணியில் முன்வரிசையில் ஆடும் ஃபர்ஹீன், கோட்டக்குப்பத்தில் தெரிந்தவர்களிடம் பழைய மீன்வலை வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் வலைக்கும் டிக்கெட் கேட்டாராம். வலைக்குள்ளே தானே உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி ஒரே டிக்கெட்டில் முடித்துவிட்டாளாம்.

அதே ஃபர்ஹீன்தான் அடுத்த பிரச்சினையையும் கிளப்பினாள். எந்த அணி எந்த அணியோடு ஆடுவது? இப்போது சோறு போடுவது நாம். அப்படியானால் இந்த வருடம் புதிதாகக் கடைசி நான்குக்குள் வந்திருக்கும் எளிய அணியை நாமே எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பையன்களும் அதையே சொன்னார்கள். ஃபர்ஹீன் விடவில்லை.

"ரெண்டு வருஷம் வெயில்ல வெந்தோம்க்கா. இப்ப நம்ம கையில வந்துக்கீது. வுட்டுட்டா பைத்தியம்னுவாங்க."

"அப்ப நான் அந்தக் கூட்டத்துல கேட்டது நியாயமாடி? எனுக்கும் ஒரு பங்கு குடுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

சனிக்கிழமை விடிந்ததும் நான்கு சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டு, எடுக்கச் சொல்லி விழுப்புரம் கேப்டன் மலர்விழியிடமே நீட்டியது அக்கா. மலர்விழி சீட்டை மட்டுமில்லை, சொம்பையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். முதல் சீட்டில் விழுப்புரம். இரண்டாவதில் திண்டிவனம். முதலில் வருகிற இரண்டு அணிகளுக்குச் சாயங்கால ஆட்டம் என்று பேச்சு.

இதில் தோற்றால், தன் ஊரில் நடக்கும் இறுதிப் போட்டியை அக்கா வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஃபர்ஹீன் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மைதானம் சமமில்லை. கிழக்கே ஏரி, அந்தப் பக்கம் நிலம் சரியும். பார்த்தால் தெரியாது, ஓடினால்தான் தெரியும். கால் ஓய்ந்துபோகிற இரண்டாவது பாதியில் கிழக்கு நோக்கி ஆடுகிற அணிக்குப் பந்து தானாக ஓடும். எங்களுக்கு அது சின்ன வயதில் இருந்தே தெரியும். டாஸ் போடுவதற்கு முன்னால் அக்கா மலர்விழியிடம் போய் அதைச் சொல்லிவிட்டது.

"கெயக்குப் பக்கம் பள்ளம். ரெண்டாவது பாதில அந்தப் பக்கம் அடிக்கிறவங்களுக்குத்தான் லாபம். தெரிஞ்சிக்கினு கேளு."

பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மலர்விழி டாஸில் ஜெயித்து, கோட்டுக்கு வெளியே நின்ற அரங்கநாதன் சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

"மைதானம் வச்சிருக்கிறவ சொல்றா. அப்படியே மாத்திக் கேளு."

முதல் பாதியில் கிழக்கு நோக்கி ஆடுவதாக மலர்விழி சொன்னாள். அக்கா ஒரு நொடி நின்று அவளைப் பார்த்துவிட்டு, மேற்கு நோக்கித் திரும்பியது.

முதல் பாதி முழுக்க விழுப்புரத்தின் ஆட்டம்தான். மெதுவாகத் தட்டிய பந்தெல்லாம் எங்கள் கோலைத் தேடி உருண்டு வந்தது. அக்கா மூன்று தடவை கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து தடுத்தது. நான்காவதைத் தடுக்க முடியவில்லை, மீன்வலை உப்பியது. அரங்கநாதன் சார் கைதட்டிக்கொண்டே இருந்தவர், இடைவேளை நெருங்க நெருங்கக் கைதட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் மாறியதும் எல்லாம் மாறியது. விழுப்புரம் பெண்கள் மேட்டில் ஏறி ஏறி மூச்சு வாங்கினார்கள். அக்கா நடுக்கோட்டில் இருந்து தட்டிவிட்ட பந்து ஃபர்ஹீனை முந்திக்கொண்டு ஓட, அவள் அதைத் துரத்திப்போய் உள்ளே தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று. பெரியம்மா கரண்டியோடு சமையல் கொட்டகையை விட்டு ஓடி வந்துவிட்டார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் விழுப்புரத்துக்கு ஒரு கார்னர். எல்லோரும் மேலே போயிருந்தார்கள். அக்கா தலையால் முட்டிப் பந்தை வெளியே எடுத்தது, அதை விடாமல் தானே துரத்தியது. ஏரியை நோக்கிப் பந்தும் அக்காவும் மட்டும் ஓடின. முன்னால் வந்த கோல்கீப்பருக்குப் பக்கவாட்டில் அக்கா லேசாக ஒரு தட்டுத் தட்டியது. பந்துக்கு அவசரமே இல்லை. உருண்டு, உருண்டு, கோட்டைத் தாண்டியது. கத்தியதில் போன குரல் எனக்குத் திரும்ப வர இரண்டு நாளானது.

விசில் ஊதியதும் அரங்கநாதன் சார் நடுவரிடம் போனார். மைதானம் கோணல், ஊர்க்காரர்களுக்குச் சாதகம், ஆட்டம் செல்லாது என்றார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நடுவர் யோசிக்கத் தொடங்கினார். அப்போது மலர்விழி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே அங்கே வந்தாள்.

"சார், அவ முன்னாடியே சொன்னா. நாமதான் நம்பல."

அவர் அவளைப் பார்த்தார். புகாரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

விழுப்புரம் அணி அன்றே பஸ் ஏறப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அரிசி அளந்து வைத்தாகிவிட்டது, சாப்பிடாமல் போனால் எங்களுக்குத்தான் அசிங்கம் என்று பெரியம்மா அவர்களைப் பிடித்து உட்கார வைத்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் அக்காவின் அணி ஒரு கோலில் தோற்றது. எந்தப் பக்கம் பள்ளம் என்று எதிரணி டாஸுக்கு முன்னால் அக்காவிடம் கேட்டது, அக்கா சொன்னது, அவர்கள் நம்பினார்கள். அவ்வளவுதான். ஆனால் ஆள் எடுக்க வந்தவர்கள் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அரங்கநாதன் சார் இரண்டாவது முறை சாம்பார் வாங்கிக்கொண்டு, அடுத்த வருடமும் இங்கேயேவா என்று கேட்டார். பள்ளத்தைச் சரி செய்த பிறகு என்று அக்கா சொன்னது.

அக்கா இப்போது பல்கலைக்கழகப் பயிற்சி முகாமில் இருக்கிறது. நேற்று எனக்குப் போன் செய்தது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"கெயக்கால மண்ணு கொட்டிட்டாங்களா?"

இரண்டு டிராக்டர் ஏரி மண் வந்திருக்கிறது என்றேன். போதாது என்றது அக்கா. இதை எழுதி முடித்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.