லேக் சார்ல்ஸில் வெர்லன் மீன் பிடித்த விதம்

வெர்லன் டாட்லாக் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிக் காலம் கழித்தவர். அந்தப் பேருந்தில் போய் வந்த பிள்ளைகள் எல்லாரும் அவருடைய மீன் கதைகளைக் கேட்டே வளர்ந்தார்கள். கதையில் வந்த மீன்கள் ஒவ்வொன்றும் ஆள் உயரம். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை உள்ளங்கை அகலம்கூடத் தேறாது. மனைவி வைனெல் மீனைப் பார்ப்பாள், கணவரைப் பார்ப்பாள், வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கி, இருவரும் தெற்கே கிளம்பினார்கள். லூசியானாவில் லேக் சார்ல்ஸ் நகரில் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டுக் கடலுக்குப் போவதாகத் திட்டம். ஆனால் ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் பூடான் ஆவி பறக்க வெந்துகொண்டிருந்தது. சோறும் பன்றிக்கறியும் ஈரலும் காரமாகப் பிசைந்து குடலில் அடைத்த பண்டம். வைனெல் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது, வெர்லன்."

அதோடு திட்டம் போயிற்று. ஏரிக்கரை முகாமில் வண்டியை நிறுத்தினார்கள். வைனெல் தினமும் ஊருக்குள் போய் ஒரு புதுக் கடையைப் பிடித்தாள். வெர்லன் ஏரிக்குள் நீளும் மரப்பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், ஒன்றையும் பிடிக்கவில்லை. அவர் தூண்டிலில் மாட்டிய இறாலை மட்டும் யாரோ அடியில் ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஓடில் என்பவள், போகும்போதும் வரும்போதும் நின்று விசாரிப்பாள்.

"என்ன ராசா, இன்னைக்கும் மீனுங்களுக்கு அன்னதானம்தானா?"

"பெருசு ஒண்ணுக்காகக் காத்திருக்கேன்" என்பார் வெர்லன், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மத்தியானம் இறால் தீர்ந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் வைனெல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் காகிதப் பொட்டலம், அதில் கடைசி பூடான். வெர்லன் பூனை மாதிரிக் கையை நீட்டி அதில் பாதியை ஒடித்துத் தூண்டிலில் செருகி வீசினார்.

வீசிய மாத்திரத்தில் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுபட்டது. அவர் எழுவதற்குள் கோல் கையிலிருந்து பறந்தது. அதைப் பிடிக்கத் தாவியவர் தொப்பென்று ஏரியில் விழுந்தார்.

"முதலை! முதலை கடிக்குது! வைனெல், என்னைய முதலை தின்னுது!"

திடுக்கிட்டு விழித்த வைனெல் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது.

"எழுந்து நில்லு மனுஷா!"

நின்றார். திரும்பினார். கால்சட்டையின் பின்பக்கத்தில் நீல நண்டு ஒன்று இரண்டு கொடுக்காலும் கவ்விக்கொண்டு தொங்கியது. வைனெல் சிரித்த சிரிப்பில் பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடில் ஓடிவந்து, அவரைக் கரையேற்றிக் குப்புறப் படுக்க வைத்து, கரண்டிக் காம்பால் கொடுக்கை நெம்பினாள்.

"ஆடாத, கண்ணு. உனக்கு வலிக்கறத விட அதுக்குப் பயம் ஜாஸ்தி."

கோலும் போயிற்று, மீனும் போயிற்று. வைனெலின் சிரிப்பு, பொட்டலத்தைப் பிரித்த கணத்தில் நின்றது.

"முழு ஊரே மீனுக்கு இறால் போடுது. நீ என் பூடானைப் போட்டியா?"

அந்த நண்டுக்குக்கூட அவர் மேல் இவ்வளவு கோபம் இருந்திருக்காது. வெர்லன் ஈரத்தோடு நகரத்துக்கு வண்டியை விட்டு, ஒரு முழுச் சரம் பூடான் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தார். போகும் வழி நெடுக நின்றபடி ஓட்ட முடியாதா என்று யோசித்தாராம்.

சாயங்காலம் ஓடில் அந்த ஒற்றை நண்டைக் காரமாக அவித்தாள். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு கிடைத்தது. வெர்லன் தலையணை மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"தண்ணிக்குள்ள குதிச்சேன். தூண்டில் கிடையாது, வலை கிடையாது. வெறும்..."

"சொல்லு, எதால பிடிச்சேன்னு சொல்லு" என்றாள் வைனெல், பூடானை மென்றுகொண்டே.