பொட்டு வைத்த ஆற்றுப் படம்

அந்தப் படத்தில் ஓர் ஆறு. நம் நாட்டு ஆறு இல்லை, ஏதோ வெள்ளைக்காரர் ஊர் ஆறு. செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம். வெறும் கறுப்புக் கோடுகள். கரையில் கட்டிய படகு, தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன், தண்ணீர் குடிக்கும் இரண்டு மாடுகள். பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் அப்பா சமையல் வேலை பார்த்தார். மாற்றலாகிப் போன தோட்டத்து துரை அதை அவரிடம் கொடுத்திருந்தார். அப்பா இறந்த பிறகும் அது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் தொங்கியது.

போன வருஷ மழையில் பின்சுவர் விரிசல் விட்டது. அம்மா படத்தை அதன் மேல் மாற்றி மாட்டினாள். மண்சரிவு ஆபத்தைப் பார்க்க அதிகாரி வருகிற அன்று காலை, படத்துக் கண்ணாடியில் ஒரு மாட்டின் நெற்றிக்கு நேரே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஒரு செவ்வந்தியும் செருகினாள்.

“என்னம்மா இது கூத்து?”

“மாடு இருக்குல்ல, லச்சுமிதான். நீ வாய மூடிக்கிட்டு நில்லு.”

அதிகாரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி வந்தார். படத்தருகே வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். “சாமி படமாம்மா? இருக்கட்டும், கழட்ட வேணாம்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். முன்பொரு மழையில் வீட்டைவிட்டுப் போன எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு வருஷம் கூடாரத்தில் கிடந்தார்கள். அந்தப் பயம் அவளுக்கு. நானும் பேசாமல் நின்றேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. இப்போது அந்த லயத்தில் அம்மா மட்டும்தான்.

நான் பதுளையில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். உண்மையைச் சொல்ல அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். “ஒங்க வீடு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கே. மறுபடி பாக்க வர்றப்ப சொல்லுங்க” என்றார்கள். அம்மாவைக் கூப்பிட்டால் வரமாட்டாள். கையைக் காலைக் கட்டித் தூக்கி வரவா முடியும்? மேகம் கறுத்தாலே போனை எடுத்துவிடுவேன்.

நேற்றும் மழை. போன் போட்டேன்.

“விரிசல் எப்படிம்மா இருக்கு?”

“ஒன்னுமில்ல புள்ள. டவுன்ல இதவிடப் பெரிய சாமி படமா ஒன்னு வாங்கிட்டு வா.”

கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், படக்கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றேன்.

“எவ்வளவு பெருசு வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார்.

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம் விரித்தேன்.