பன்னிரண்டு கப் வைத்துப் பார்க்காத ஓவன்

ஓவனுக்குக் கற்பூரம் காட்டினார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் தடவி, நாலு மூலையிலும் வைத்தார்கள். சந்தனம், பூ, ஒன்றுக்கும் குறைவில்லை. அதற்குள் பன்னிரண்டு கப்பை வைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொன்னேன். அதுதான் குற்றமாகப் போயிற்று.

கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் கப்பில் போட்டோ அச்சடித்துக் கொடுக்கிறேன். படத்தைத் தனி மையில் தாளில் அடித்து, அதைக் கப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிச் சூடு கொடுத்தால், தாளில் இருக்கும் நிறம் கப்பில் ஏறிக்கொள்ளும். என்னிடம் இருந்த மிஷின் ஒரு தடவைக்கு ஒரு கப்தான் சுடும். சூலூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். தறி வேலைக்குப் போகிறவர். மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க, பொண்ணு மாப்பிள்ளை படம் போட்டு இருநூறு கப் வேண்டும் என்றார். ஒரே நேரத்தில் பன்னிரண்டு கப் சுட வேண்டுமென்றால் ஓவன் இல்லாமல் ஆகாது.

காந்திபுரத்தில் ஒரு கடையில் நல்லதாக ஒன்று பார்த்து வைத்திருந்தேன். உள்ளே காற்றாடி ஓடி, சூட்டை எல்லாப் பக்கமும் சுற்றிவிடும் ஓவன். கடைக்காரர், "உங்க கப்பையே எடுத்துட்டு வாங்க, சுட்டுப் பாத்துட்டு வாங்குங்க" என்றார். இதைவிட ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய அக்கா வீட்டுக்காரர் பட்டறையில் ஓவன்தான் செய்கிறார். இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் அடித்துச் சுடுகிற ஓவன்.

"மச்சானே ஓவன் பண்றவரு. வெளிய போய் வாங்குனா அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அது இரும்புக்குங்க. இது பீங்கானுங்க."

"சூடு சூடுதான?"

சூடு சூடுதானாம்! வாழ்நாளில் ஒரு கப் சுட்டதில்லை, பேச்சைப் பார்.

அளவெடுக்க அந்த மச்சானே வந்தார்; எனக்கு அவர் அண்ணா. நாத்தனாரும் கூட வந்திருந்தார். உள்ளே காற்றாடி வருமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு அம்மணி? நம்முது கனத்த தகடு. சூடு உள்ளயே நிக்கும்" என்றார். செய்து முடித்ததும் பட்டறையிலேயே ஒரு தடவை கப் நிரப்பிச் சுட்டுப் பார்த்துவிடலாமா என்றேன். வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னை எரித்தார். நாத்தனார்தான் வாயைத் திறந்தார்: "எங்கூட்டுக்காரருக்கே பரீட்சை வெக்கறயா அம்மணி?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? சொந்தக்காரர் கொண்டுவந்ததைச் சோதித்துப் பார்த்தால் மரியாதைக் குறைவு. எங்கள் பக்கம் அப்படித்தான். அன்றைக்கு மரியாதை நன்றாகவே காப்பாற்றப்பட்டது.

நல்ல நாள் பார்த்து ஓவன் வந்தது. பூஜை முடிந்ததும் அண்ணா காலியாகவே சுவிட்சைப் போட்டார். முள் இருநூறு டிகிரியைத் தொட்டது. எல்லோருக்கும் பூரிப்பு. காபி குடித்துவிட்டுப் போனார்கள். காலி ஓவனில் முள் ஏறாமல் என்ன செய்யும்? பன்னிரண்டு பீங்கான் சேர்ந்து சூட்டைக் குடிக்கும்போதல்லவா தெரியும்!

மறுநாள் தெரிந்தது. சூடேறும் கம்பிச்சுருளை ஒட்டியிருந்த கப்பெல்லாம் கருகி, பொண்ணின் முகம் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. தள்ளி இருந்தவை வெளிறிப் போயிருந்தன. இடம் மாற்றி வைத்தேன், நேரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மூன்று நாள் இதே கூத்து. அண்ணாவுக்குப் போன் செய்து சொன்னால், "நீ வெக்கற முறை சரியில்ல அம்மணி" என்கிறார். பின்னாலிருந்து நாத்தனார் குரல் கேட்டது: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." போனைக் கட்டிலில் வீசினேன். இந்தத் தொழிலை நடத்துகிறவள் நான். கப் எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லித்தர, அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாவே நேரில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "மொதல்ல பொறுமை வேணும் அம்மணி" என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து சூலூர் அம்மா உள்ளே வந்தார். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. கப் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் மறைப்பதற்குள் மேஜைமேல் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். கருகினது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு கொஞ்சம் கறுப்புங்க. அதனாலதான் இப்படி வந்திருக்குமாட்ட இருக்குது. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தகரப் பெட்டி செய்த தப்புக்கு ஒரு தாய் தன் மகளின் நிறத்தைக் காரணம் சொல்லி, என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நிற்கிறாள். அண்ணா டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றேன். கத்தித்தான் சொன்னேன். "இந்த ஓவன் உருப்படாத ஓவனுங்க. செஞ்சவரு இதோ உக்காந்திருக்காருங்க. சுட்டுப் பாக்காம வாங்குன கூமுட்டை நாந்தானுங்க. அண்ணா, இதை இன்னிக்கே எடுத்துட்டுப் போயிருங்க."

பாதி வர்க்கியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் வண்டி வந்து ஓவனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

மறுநாள் கட்டைப்பையில் பன்னிரண்டு கப்போடு காந்திபுரம் போனேன். கடைக்காரர் முன்னாலேயே சுட்டு, ஆறவைத்து, வாசல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே நிறம். அதையே வாங்கினேன். நான்கு நாளில் இருநூறும் முடிந்தது.

நாத்தனார் வீட்டோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "போயி ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுப்போடு" என்று வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவையாவது ஆரம்பிக்கிறார். செத்தாலும் கேட்கமாட்டேன். வேண்டுமானால் அவர்கள் சூலூருக்குப் போய்க் கேட்கட்டும்.

கப்பை வாங்கிப்போக வந்த அன்று, அந்த அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முந்தானையால் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"எம்பொண்ணு இதே நெறந்தானுங்க" என்றார்.