விதவை என்று எழுதிய பக்கம்

மூன்று அகதிக் கமிட்டிகளின் பதிவு நோட்டுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது என் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. இடம் மயிலாப்பூரில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு. காலம் நாற்பத்திரண்டு, வைகாசி. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தது. நாங்கள் இங்கிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்கள் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். காலேஜ் மூடிவிட்டது. எனக்கோ சும்மா உட்காரத் தெரியாது. அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டேன்.

"பாப்பா, ஒரு தமாஷ் கேளு" என்றார் எங்கள் சமையல்காரர். "அடையாத்துக் கமிட்டிக்குப் போற பொம்பளைங்க எல்லாம் புருசன் செத்துட்டான்னு சொல்லிக்கினு கீறாங்க. அப்பத்தான் ஊருக்கு ரயில் டிக்கெட்டு சுருக்கா கெடைக்குமாம்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? வர்ற வழியிலேயே ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் குடுத்துடறாங்க. கமிட்டிக்காரங்க உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல. அடையாத்து நோட்டைப் பிரிச்சுப் பாரு, அத்தினி பேரும் தாலி அறுத்தவங்களாத்தான் இருப்பாங்க!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எங்களிடம் தங்கிப் போன ஒரு தையல்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

ரங்கூனில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருந்தவர். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். நடந்து வந்த வழியில் ஓர் ஆற்றங்கரையில் பெண்களையும் குழந்தைகளையும் முதல் படகில் ஏற்றினார்களாம். மனைவியும் ஆறு வயது மகளும் அதில் போனார்கள். இவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் படகு கிடைத்தது. அக்கரையில் அவர்கள் இல்லை. சிட்டகாங், கல்கத்தா என்று விசாரித்துக்கொண்டே சென்னை வரை வந்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கினார். வெறுமனே இருக்க மாட்டார். மற்ற அகதிகளின் கிழிசலையெல்லாம் வாங்கித் தைத்துக் கொடுப்பார். தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து, "இன்னைக்கு வந்தவங்கள்ல பாத்தியளாம்மா?" என்பார். பிறகு தியாகராய நகர் வரை நடந்து அங்கே கேட்பார். அங்கிருந்து அடையாறு.

ஏனென்றால் கமிட்டிகள் மூன்று. தியாகராய நகரில் இருந்தது வியாபாரிகள் நடத்தியது. அடையாற்றில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் இருந்தது வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் சேர்ந்து நடத்தியது. அவர்களுக்குக் கொழும்பிலிருந்தும் சீமையிலிருந்தும்கூடப் பால் பவுடரும் மருந்தும் வந்தன. நாங்கள் மயிலாப்பூர். மூன்று இடத்திலும் தனித்தனி நோட்டு. ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்ததில்லை. பார்க்கவும் விடமாட்டோம். 'வேறு கமிட்டியில் பதிவு செய்தவர்களுக்கு இங்கே உணவு இல்லை' என்று எங்கள் வாசலில் ஒரு பலகை தொங்கியது. அழகான எழுத்து என்று எல்லோரும் பாராட்டினார்கள். எழுதியது நான்.

பத்தாம் நாள் அவர் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் இல்லை, காசில்லாமல் குழந்தையோடு தனியாக ஊருக்கும் போயிருக்க முடியாது, கல்கத்தாவிலேயே தங்கிவிட்டிருப்பார்கள் என்று எங்கள் கமிட்டி முடிவு கட்டியது. அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரே கமிட்டிக்கு நான்தான் இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கால் வீக்கம் வடிவதற்குள் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறினார். அது செவ்வாய்க்கிழமை. சமையல்காரர் தமாஷ் சொன்னது வெள்ளிக்கிழமை.

கரண்டியைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அடையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அங்கே பதிவு எழுதிக்கொண்டிருந்தவள் என் வகுப்புத் தோழிதான்.

"என்னடி, மயிலாப்பூர்க் கஞ்சி தீர்ந்துபோச்சா? இங்க வந்து நிக்கற?"

"நோட்டைக் குடு."

"செக்ரெட்டரி பாத்தா என்னைக் கொன்னே போடுவார்."

"அவர் கொல்றப்ப கொல்லட்டும். குடுடி."

வைகாசி முதல் வாரப் பக்கத்தில் இருந்தது. பெயர், தையல்காரர் எனக்குத் தினமும் சொன்ன மனைவியின் அதே பெயர். வந்த இடம் ரங்கூன். போகும் ஊர் அவருடைய ஊரேதான். கூட ஒரு பெண் குழந்தை, வயது ஆறு. கணவர் என்ற கட்டத்தில் 'இறந்துவிட்டார்'. டிக்கெட் கொடுத்து அனுப்பிய தேதியும் இருந்தது. அவர் சென்னைக்கு வந்து சேர்வதற்கு ஐந்து நாள் முந்திய தேதி.

"இந்தப் பேரை அவர் வந்து கேட்டாரே! நீ பாக்கலையா?"

தோழி அந்த வரியில் விரலை வைத்தாள். "பாத்தேன்டி. பேரைப் படிச்சும் காட்டினேன். அதே பேர்ல ஒருத்தி இருக்கா, ஆனா விதவைன்னு சொன்னேன். ஊரையும் குழந்தையையும் படிக்கறதுக்குள்ள அவரே இல்லைன்னு தலையை ஆட்டிட்டார். 'அது அவ இல்லம்மா. நாந்தான் உசுரோட நிக்கிறேனே'ன்னார்."

நான் அந்தப் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். துணையில்லாத பெண்களுக்கு முதல் டிக்கெட் என்று அந்த விதியை எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதினார்கள். என் பலகையும் நல்லெண்ணம்தான்.

அன்றே அந்தக் கல்கத்தாக் கமிட்டிக்குத் தந்தி கொடுத்தேன். தையல்காரரின் பெயரில் யாரும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அந்த ஊரில் வேறு எத்தனை கமிட்டிகள், எங்கெங்கே என்று கேட்டு எழுதினேன். அது அவர்களுக்கே தெரியவில்லை. அங்கே கிடைக்காவிட்டால் அவர் மறுபடி சிட்டகாங் போவார். அங்கிருந்து அந்த ஆற்றங்கரைக்கே போனாலும் போவார். தேடத் தேட அவளிடமிருந்து தூரமாகிக்கொண்டிருக்கிறார். அவரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது என் கடிதம்.

அவளுடைய ஊருக்கும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அவளுடைய அண்ணன் பதில் போட்டார். தங்கையும் குழந்தையும் சௌக்கியமாக வந்து சேர்ந்தார்கள் என்று முதல் வரி. கீழே இப்படி எழுதியிருந்தார்: 'தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் வாயாலேயே அவரை மவுத்தானவர் என்று சொல்லிவிட்டேனே, அதனால்தான் அவர் வரவில்லையோ என்று கேட்டு அழுகிறாள். நான் என்ன சொல்லட்டும், தாங்களே எழுதவும்.'

ஒரு வாரமாக அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆத்துல ஒரு வாய் சாப்பிடாம யாருக்கு எழுதிண்டிருக்கே?" என்று கேட்டாள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

தப்பு அவளுடையது இல்லை, எங்களுடையது என்று எழுதலாம். எழுதத்தான் போகிறேன். அதனால் அவர் வந்துவிட மாட்டார். பர்மா ஒரு தேசம், இது ஒரு தேசம், இலங்கை இன்னொன்று. பால் பவுடர் கடல் தாண்டி டப்பா டப்பாவாக வந்துவிடுகிறது. ஒரு மனுஷனின் பெயர் அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்கு வர மாட்டேன் என்கிறது.

வாசல் பலகையை நேற்றுக் கழற்றிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தோழியும் நானும் ஒவ்வோர் அகதிக்கும் ஒரு சீட்டு என்று எழுத ஆரம்பித்திருக்கிறோம். ஒரே சீட்டுக்கு மூன்று பிரதி: ஒன்று சென்னைக்கு, ஒன்று கல்கத்தாவுக்கு, ஒன்று சிட்டகாங்குக்கு. கணவர் இருக்கிறாரா என்ற கேள்வியே அதில் கிடையாது. யாரைத் தேடுகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம். அடையாற்று நோட்டு முடிந்துவிட்டது. எங்கள் நோட்டில் பாதி ஆகியிருக்கிறது. தியாகராய நகர் செக்ரெட்டரிதான் பிடிகொடுக்கவில்லை. "எங்க நோட்டு எங்க கட்டிடத்தை விட்டு வெளியே போகாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

வெளியே போக வேண்டாம். நாளைக் காலை பேனாவும் ஒரு கட்டுச் சீட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அங்கே போகிறோம். அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பிரதி எடுக்கப்போகிறோம்.