அடைப்பக்காவும் தப்பு நம்பர் பாம்புகளும்

நகராட்சியின் சாக்கடைப் பிரிவில் புகார் எழுதிக்கொள்ளும் வேலையில் இருந்தவளை அலுவலகமே அடைப்பக்கா என்றுதான் கூப்பிடும். தரைத்தளத்தில் மூன்றாவது அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, இரண்டு முழம் அகலத்தில் ஒரு புகார்ப் பதிவேடு, சுவரில் ஈரம் பூத்த சாக்கடை வரைபடம். பதினேழு வருடமாக ஊரின் நாற்றம் முழுவதையும் காதாலேயே முகர்ந்தவள் அவள். அதனால் வாய் கொஞ்சம் நீளம். "நாலு நாளா அடைச்சிருக்கா? மூணு நாள் என்ன பண்ணீங்க, ரசிச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள்.

அந்த வருடம் வனத்துறை ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியது. 'பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், அழையுங்கள்' என்று போட்டு, கீழே ஒரு தொலைபேசி எண். அச்சுக் கோத்த புண்ணியவான் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டான். அது அடைப்பக்காவின் எண்.

முதல் அழைப்பு காலை பதினொரு மணிக்கு வந்தது.

"ஹலோ, பாம்பு ஆபீஸ்தானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிர்முனையில் ஒரு பெண்குரல், "மாப்ளே, காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க!" என்று அலறியது.

"யாருங்க அது?"

"என் மாமியார். ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசை மேல நிக்கிறோம். ஃப்ரிட்ஜுக்கு அடியில பாம்பு. மேசை வேற ஆடுது."

தப்பு நம்பர் என்று வைத்திருக்கலாம். ஆனால் பதினேழு வருடத்தில் இவ்வளவு சுவாரசியமான புகார் அவளுக்கு வந்ததில்லை. "அப்படியே நில்லுங்க. கண்ணை மட்டும் அது மேல வச்சிருங்க. எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லணும்" என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னது. கைப்பேசியில் வனத்துறைக்குப் போட்டு, பாம்பு பிடிப்பவரைத் தேடிப் பிடித்தாள்.

அவர் ஐம்பது வயது மனிதர். பேச்சில் படு சிக்கனம். "போஸ்டர் ஒட்டி ஒம்பது நாளாச்சு. ஒரு போன்கூட வரல. ஊர்ல பாம்பே இல்ல போலன்னு நெனச்சேன்" என்றார். விலாசத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருந்தது ஒரு சாண் நீளப் பாம்புக் குட்டி. விஷமில்லாதது. இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மாமியாரும் மருமகனும் அந்த முக்கால் மணி நேரத்தில், மேசையில் வேறு வழியில்லாமல், சமாதானம் ஆகிவிட்டார்களாம். அன்று சாயங்காலம் நன்றி சொல்லக் கூப்பிட்டபோது மாமியார்தான் பேசினார்.

தப்பு எண்ணைப் பற்றி அடைப்பக்கா மேலதிகாரிக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பாம்புக்காரரும் எழுதவில்லை. "நீ பேசிடு தங்கச்சி. நான் பிடிச்சுடறேன்" என்றார் அவர். அதோடு ஒப்பந்தம் முடிந்தது.

ஒரே மாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஊரிலுள்ள பாம்புகளைவிடப் பாம்பைப் பற்றிய கேள்விகள் அதிகம் என்று. ஒவ்வொரு கேள்வியையும் பாம்புக்காரரிடம் கேட்டு, பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்துக்கொண்டாள். பிறகு தன் பாணியில் எடுத்துவிட்டாள்.

"பால் வச்சா வருமா மேடம்?"

"பூனை வரும். பாம்புக்கு எலியும் தவளையும்தான் சாப்பாடு. உங்க வீட்டுக்கு அது வந்திருக்குன்னா உங்களைப் பாக்க வரல. எலியைப் பாக்க வந்திருக்கு."

"பூண்டை நசுக்கிப் போட்டா ஓடிடுமாமே?"

"உங்க வீட்டுக்காரர்தான் ஓடுவாரு. கதவுக்குக் கீழ இருக்கிற சந்தை அடைங்க. கொல்லையில குவிச்ச விறகை எடுங்க."

"சட்டையை உரிச்சுப் போட்டிருக்குங்க. ஆள் உள்ளதான் இருக்கா?"

"சட்டையைக் கழட்டிப் போட்டவங்க எல்லாம் வீட்லயேவா இருக்காங்க? வந்துட்டுப் போயிருக்கும். எதுக்கும் ஆள் அனுப்பறேன், பாத்துடட்டும்."

கூப்பிடுகிறவர்கள் சொல்லும் பாம்பு நீளத்தை அவள் நம்புவதே இல்லை. தரையில் நின்று சொன்னால் பாதியாகக் குறைத்துக்கொள்வாள். நாற்காலி மேல் நின்று சொன்னால் கால்வாசி. பொய்ப் பாம்புகளும் உண்டு. ஒரு புது மருமகள், மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போகும் நாளில் எல்லாம் குளியலறையில் பாம்பைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அடைப்பக்கா, "இதோ பாரும்மா, பாம்புக்கும் நாலு இடம் போகணும்ல? தலைவலின்னு சொல்லிடேன்" என்றாள். மறுமுனையில், "தாங்க்ஸ்க்கா" என்று ஒரு சின்னக் குரல். அதன்பின் அந்தக் குளியலறைக்குப் பாம்பு வரவே இல்லை.

ஒருமுறைதான் அவள் கேலி அடங்கியது. தோட்ட வேலை செய்கிற ஒருவரின் மனைவி கூப்பிட்டாள். கணவரின் காலில் கடித்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் பிளேடோடு நிற்கிறார், கீறி ரத்தத்தை எடுக்க வேண்டும் என்கிறார். "பிளேடைக் கீழ போடச் சொல்லு" என்று அடைப்பக்கா போட்ட அதட்டலில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கீறாத. கயிறு கட்டாத. அவரை நடக்க விடாத. காலை அசைக்காம வண்டியில ஏத்து. நேரா பெரிய ஆஸ்பத்திரி. பாம்பைத் தேடிக்கிட்டு யாரும் நிக்க வேணாம்." வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை போனை வைக்கவில்லை. எட்டாம் நாள் அந்த மனிதரே கூப்பிட்டு, "நான்தான்க்கா, கால்" என்றார். அடைப்பக்கா, "காலுக்கு வாய் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்து, மூக்கைச் சிந்தினாள்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவள் உயிருள்ள பாம்பைப் பார்த்ததே இல்லை. பார்க்கும் தெம்பும் இல்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இவளுக்குப் படத்தில் பார்த்தாலே நடுங்கும். மகளின் பாடப் புத்தகத்தில் பாம்புப் படம் இருந்த பக்கத்தை ஊக்குப் போட்டு மூடி வைத்தவள் அவள். தொலைக்காட்சியில் வந்தால் கால்களை மேலே தூக்கிக்கொள்வாள். கணவர் பேருந்து நடத்துநர். "எங்க வீட்ல சிங்கம்! பாம்பெல்லாம் அவ பேரைக் கேட்டாலே ஒதுங்கும்" என்று பேருந்தில் பயணிகளிடம் அளப்பார். சிங்கம் வீட்டில் கரப்பான்பூச்சிக்கே அவரைத்தான் கூப்பிடும்.

நான்காம் வருடம் புதுப் பொறியாளர் ஒருவர் மாற்றலாகி வந்தார். முப்பத்திரண்டு வயது. எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பவர். வந்து மூன்று மாதமாகியும் வாசல் காவலாளி அவரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒருநாள் புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். பின்பக்கங்களுக்கு வந்தார். 'இரட்டைத் தலைப் பாம்பு: கிடையாது, அது வால்' என்று எழுதியிருந்தது.

"மேடம், இது சாக்கடைப் பிரிவு."

"ஆமாம் சார்."

"வர்ற பத்து போன்ல ஏழு பாம்பு."

"சாக்கடையைச் சுத்தமா வச்சிருக்கோம் சார். அதான் அந்தப் புகார் குறைவு."

பொறியாளர் சிரிக்கவில்லை. எண்ணைத் திருத்தும்படி வனத்துறைக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார், அவளையே. அவள் தட்டச்சு செய்தாள். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது, பிறந்த வீட்டை விற்றுவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

கடிதம் போன மறுவாரம், செவ்வாய்க்கிழமை, உணவு இடைவேளைக்குச் சற்று முன்னால், ஆவண அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. எழுத்தர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஓடியவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் அடைப்பக்காவின் அறை.

"அக்கா, பாம்பு! சார் உள்ள மாட்டிக்கிட்டாரு. வாங்கக்கா!"

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஆவண அறை பன்னிரண்டு அடி தூரம்தான். வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே பொறியாளர் ஒரு சுழல் நாற்காலியின் மேல், இரும்பு அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி நிற்பதை ஒரு கணம் பார்த்தாள். உடனே கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"மேடம்! வந்துட்டீங்களா!"

"வந்துட்டேன் சார். அது எங்க இருக்கு?"

"உங்க முன்னாடிதான் இருக்கு! தெரியலையா?"

"நீங்க வாயால சொல்லணும் சார். அதுதான் முறை."

முன்னாடி என்ற சொல் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோரையும் பத்தடி பின்வாங்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்கும் பின்னால் போய், தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் பாம்புக்காரருக்குப் போட்டாள். அடுத்து ஆவண அறையின் உள் இணைப்பு எண்ணைச் சுழற்றினாள்.

அலமாரி மேலிருந்த தொலைபேசி பொறியாளரின் காதோரமே அடித்தது.

"ஹலோ?" என்றார் நடுங்கும் குரலில்.

"வணக்கம் சார். சொல்லுங்க, என்ன பாம்பு?"

"மேடம், பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டா போன் பண்றீங்க?"

"எனக்கு இப்படித்தான் சார் வரும். எவ்வளவு நீளம்?"

"பன்னிரண்டு அடி!"

அவள் மனதுக்குள் மூன்றடி என்று குறித்துக்கொண்டாள். நிறம் கேட்டாள், தலை கேட்டாள். மெலிந்த தலை, பழுப்பு மஞ்சள், படம் எடுக்கவில்லை. சாரையாக இருக்கலாம் என்று தோன்றியது. எலி மென்ற கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குச் சாரை வராமல் வேறு யார் வருவார்கள்? ஆனால் பார்க்காமல் உறுதி சொல்லக்கூடாது என்று பாம்புக்காரர் சொல்லியிருந்தார்.

"என்னவா வேணா இருக்கட்டும் சார். நீங்க அசையாதீங்க. காலைத் தட்டாதீங்க."

"ஏற்கெனவே தட்டிட்டேனே. கோவத்துல நாற்காலி மேல ஏறிடுமா?"

"ஏறத் தெரியும் சார். ஆனா நீங்க மேல இருக்கிறதால அதுக்கு ஏற விருப்பம் இருக்காது."

"என் முகத்தை ஞாபகம் வச்சுக்குமா? பழி வாங்குமாமே?"

வாசல் காவலாளியின் நினைவு வந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டதை அடைப்பக்கா மிகவும் கஷ்டப்பட்டு விழுங்கினாள். "ஞாபகம் வச்சுப் பழி வாங்கறதெல்லாம் நம்ம ஆளுங்க பண்றது சார். அதுக்கு இப்ப ஒரே யோசனை, எப்படி வெளிய போறதுன்னு. உங்களுக்கும் அதேதான?"

"ஆமாம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல."

இருபது நிமிடம் பேசினார்கள். பாம்புக்குக் காது உண்டா என்று கேட்டார். வெளிக்காது கிடையாது, தரை அதிர்ந்தால் நன்றாகத் தெரியும் என்றாள். நாற்காலி சுழல்கிறது என்றார். மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். நடுவில், "நீங்க எப்படி மேடம் பயப்படாம இருக்கீங்க?" என்று கேட்டார். அவள் அப்போது தன் மேசை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பாம்புக்காரர் வந்தார். ஒரு கொக்கிக் கம்பி, ஒரு துணிப்பை. இரண்டே நிமிடம். சாரைதான். ஆறடி! அடைப்பக்காவின் கணக்கு அன்று முதல்முறையாகத் தப்பியது.

பாம்பைப் பையில் போடப்போன பாம்புக்காரர், மூடியிருந்த அறைக் கதவைத் தட்டினார். "தங்கச்சி, நாலு வருஷமா பேசிக்கிட்டு இருக்க. ஒரு தடவை பாரேன்."

"வேணாம்ண்ணே."

"கண்ணாடி வழியா பாரு. நான் வெளியதான் நிக்கிறேன்."

கதவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் நெற்றியை வைத்து, முதலில் ஒரு கண்ணைத் திறந்தாள். பழுப்பாக, பளபளவென்று, தன்னைப் பிடித்திருக்கும் கையிலிருந்து எப்படியாவது நழுவிவிடப் பார்த்துக்கொண்டிருந்தது அது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவியது. அவளுக்குப் பயம்தான் வந்தது. அதோடு ஒரு கோபமும் வந்தது. இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் போனில் சொன்னதே இல்லை! இன்னொரு கண்ணையும் திறந்து, முழுசாகப் பார்த்தாள்.

"தொடறியா?" என்றார் பாம்புக்காரர்.

"அதெல்லாம் அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம், கட்டுங்க பையை."

பொறியாளர் கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. எழுதினால் எழுதியதுதான், அவர் ஆள் அப்படி. ஆனால் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதினார். பாம்பு உதவி எண்ணுக்கு அனுபவமுள்ள ஓர் ஆள் தேவைப்படும், இங்கே ஒருவர் இருக்கிறார், அனுப்ப மனமில்லை, ஆனாலும் அனுப்பலாம் என்று. அதை அவளிடம் கொடுக்காமல் தானே தட்டச்சு செய்தார். ஏகப்பட்ட பிழைகள்.

இப்போது அவள் வனத்துறைக் கட்டடத்தில், சரியான எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பெயரும் பாம்பக்கா என்று மாறிவிட்டது. பிடித்த பாம்புகளைக் காட்டில் விடும்வரை வைக்கிற பெட்டிகள் அடுத்த அறையில் இருக்கின்றன. அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் நடை கொஞ்சம் ஓட்டமாகும். மற்றபடி சுகம். பள்ளிகளிலும் பேசக் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பள்ளியில் இருநூறு பிள்ளைகள். ஒரு மணி நேரம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, மிடுக்காக நாற்காலியை விட்டு எழுந்தாள். முதல் வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, பாம்புக்கு விக்கல் வருமா?"

அவளுக்குத் தெரியவில்லை. "தெரியலயே கண்ணு, கேட்டுச் சொல்றேன்" என்றாள். திரும்பி வந்து பாம்புக்காரரிடம் கேட்டாள். அவர் துணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், தம்ளரைக் கீழே வைத்தார்.

"வரும்னே வச்சுக்கோ தங்கச்சி," என்றார், "அவ்வளவு நீள உடம்புல எந்த இடத்துல வரும்?"

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.