ஜியாலஜிக்குப் பூக் கேட்ட நாள்

எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கவும் கிணறு தோண்டவும் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்யவும் ஒரே அலுவலகம்தான்: ஊர் மாரியம்மன் கோயில். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு நிறப் பூவைப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் வைப்போம். யாருக்காகக் கேட்கிறோமோ அவர் ஒன்றை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் நிறம்தான் உத்தரவு. மேல்முறையீடு கிடையாது.

என் மகள் பயோ மேத்ஸ் குரூப்பில் ப்ளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். என் அண்ணன் வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்.

"செவப்பு வந்தா ஒரு வருசம் ஹாஸ்டல்ல உட்டு மறுபடியும் நீட்டு பரீட்ச. வெள்ள வந்தா இன்ஜினியரிங். வெள்ளிக்கெழம பூக் கேட்டுரலாம்."

"பெரியப்பா, நான் ஜியாலஜி படிக்கோணுங்க" என்றாள் மகள்.

"அதென்ன சாமி அது?"

"பாறையப் பத்திப் படிக்கறதுங்க. பூமிக்குள்ள தண்ணி எங்க ஓடுதுன்னு."

"அதுக்குத்தான் உங்கொப்பன் இருக்கறானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய சிரிப்பில் நான் கலந்துகொள்ளாமல் இருந்ததே இல்லை.

நான் எருமப்பட்டி பக்கம் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஏஜென்ட். நீரோட்டம் பார்க்கத் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு விவசாயக் காட்டில் நடப்பேன். அது எழுந்து நிற்கும் இடத்தில் ரிக் இறங்கும். என் தேங்காய் எழுந்து நிற்காத காடே இந்தப் பக்கம் கிடையாது. தண்ணீர்தான் பல காடுகளில் எழுந்து வரவில்லை.

எங்கள் சொந்தக் காட்டில் நான் காட்டிய இடத்தில் போர் ஓடியபோது மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் மேலே வரும் துகளை அள்ளிக் காலி ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, எத்தனை அடி என்று எழுதி ஒட்டினாள். "அப்பா, எரநூறு அடியில இருந்து ஒரே கல்லுங்க. வெடிப்பே இல்ல. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நான் தேங்காயை நம்பினேன். எண்ணூறு அடி வரைக்கும் புழுதிதான் வந்தது. தேங்காயை அன்றைக்கே சட்னி அரைத்துவிட்டோம். சட்னி மட்டும் நன்றாக இருந்தது. அந்தப் பாட்டில்கள் இன்னும் எங்கள் வீட்டுப் பீரோ மேல் வரிசையாக நிற்கின்றன.

எனக்கும் ஒரு காலத்தில் பூக் கேட்டார்கள். எனக்குக் கெமிஸ்ட்ரி ஆசை. அண்ணனுக்கு நான் இன்ஜினியர் ஆக வேண்டும். வெள்ளை வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நான் எடுக்காத பொட்டலம் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கீழே விழுந்து அவிழ்ந்தது. அதிலும் வெள்ளை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. இன்ஜினியரிங்கில் எனக்கு விழுந்த அரியர்களை எண்ண இரண்டு கையும் பத்தவில்லை. பாதியிலேயே விட்டுவிட்டு ரிக் பின்னால் வந்துவிட்டேன்.

அதனால் இந்த முறை, "பொட்டலம் நான் கட்டறனுங்ணா" என்றேன். "மூணாவதா ஜியாலஜிக்கும் ஒண்ணு வெச்சிரலாம். சும்மா பேருக்கு. புள்ள அழுவறா."

அவள் அழவே இல்லை. அண்ணன் ஒத்துக்கொண்டார்.

"மஞ்சளு வெய்யி. ஆத்தா அதெல்லாம் குடுக்க மாட்டா."

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பொட்டலத்திலும் மஞ்சள் செவ்வந்தியை வைத்துக் கட்டினேன். முப்பது வருடம் கழித்தாவது ஒரு தொழில் கற்றுக்கொண்ட பெருமை எனக்கு. வண்டியில் போகும்போது மகளிடம், "எத வேணாலும் எடு சாமி. பயப்படாத" என்றேன்.

அவள் மடியிலிருந்த பொட்டலங்களைப் பார்த்தாள். "மூணும் ஒண்ணுங்களா அப்பா?" என்று கேட்டாள். நான் ஹாரன் அடித்தேன். எதிரில் யாரும் இல்லை.

கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். மகள் முன்னால் போனாள். ஒன்றை எடுக்கவில்லை. மூன்றையும் எடுத்து, ஒவ்வொன்றாக அவிழ்த்து, தட்டில் கொட்டினாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

"என்றா இது?" என்றார் அண்ணன்.

"நீங்க கத்துக்குடுத்ததுதானுங்ணா" என்றேன்.

பூசாரி இருமலில் ஒளிந்துகொண்டார். அண்ணனின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. கேட்காமலே அந்த இரண்டு நிறமும் வந்துவிட்டன. நான் வழக்கம்போல் சிரிக்க ஆரம்பித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, பூவ ஏமாத்தி வாங்குன படிப்பு எனக்கு வேண்டாமுங்க. நான் படிக்கறது உங்களுக்குச் சம்மதம்னா நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. இல்லீன்னா இல்லன்னு சொல்லுங்க."

என் வாய் ஒரு ஜோக்கைத் தேடியது. உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணூறு அடிக்கும் புழுதிதான்.

"அவ ஜியாலஜிதான் படிப்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பொட்டப்புள்ள சுத்தியத் தூக்கிக்கிட்டுக் கரடு மலைன்னு ஏறுறதா? நாளைக்கு எவன் வேல குடுப்பான்? எவன் கட்டுவான்?"

"தெரியலீங்ணா. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு யாரு வேல குடுத்தாங்க? தேங்காதான் குடுத்துச்சு."

"ஆத்தா முன்னால நின்னு பேசறடா நீ."

"அதனாலதானுங்ணா பொய் சொல்லாம பேசறேன். ஆத்தா சொல்லல, பூ சொல்லல. நாஞ் சொல்றேன். தப்பாப் போனா என்னையத் திட்டுங்க."

அண்ணன் திருநீறு வாங்காமலே இறங்கிப் போனார். இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னைப் பார்த்து யாராவது கோபப்படுவது எனக்குப் பழக்கமில்லாத மரியாதை. வைத்துக்கொள்ளத் தெரியாமல்தான் வைத்திருக்கிறேன்.

கோயிலிலிருந்து நேராக நாமக்கல்லுக்குப் போனோம். பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்து தட்டிக்கொண்டே வந்தாள்.

"முதல் விருப்பம் ஜியாலஜி போட்டாச்சுங்க. ரெண்டாவது என்னங்க போடட்டும்? கெடைக்காமப் போனாச் சிரமமுங்க."

மகள் என்னைப் பார்த்தாள்.

"காலியா உடுங்க" என்றேன்.

அந்தப் பெண் சந்தேகமாகத் திரும்பி, "ஏனுங்க, வெளையாட்டுக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க" என்றேன். "காலியாவே உடுங்க."